மிஞ்சிய வயர்

அவள் ஹேர்பின்னை இன்னும் சுவரில் வைக்கவே இல்லை. அதற்குள் கீழேயிருந்து கணவனின் குரல் வந்துவிட்டது.

"ஆங், கிடைச்சிருச்சு டீச்சர்! அடுத்த ரூமுக்குப் போ!"

மாடியின் சின்ன அறை வாசலில், விரல்களுக்கு நடுவே ஹேர்பின்னைப் பிடித்தபடி அவள் அப்படியே நின்றாள். டிவி வயருக்கான வெள்ளை பிளேட் எதிர்ச்சுவரில், ஜன்னலுக்குக் கீழே இருந்தது. அதற்கும் அவளுக்கும் நடுவே இன்னும் பிரிக்காத அட்டைப்பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருந்தன. அவற்றை நகர்த்தாமல் அந்தப் பக்கம் போகவே வழியில்லை. வெளியே காலையிலிருந்து விடாத தூறல். புதுப் பெயின்ட்டும் ஈரச் சிமென்ட்டும் கலந்த வாடை அறைக்குள் தேங்கி நின்றது.

'என்ன கிடைச்சுது?' என்று கேட்க வாயைத் திறந்துவிட்டாள். பழக்க தோஷம். உடனே மூடிக்கொண்டாள்.

அவள் பேசக் கூடாது. தொண்டையில் வளர்ந்திருந்த சின்னக் கட்டியை எடுத்துவிட்டு டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்: "மறுபடி நான் பாத்துச் சொல்ற வரைக்கும் ஒரு வார்த்தை கூடாது. கிசுகிசுன்னுகூட வேண்டாம்மா. இந்த நேரத்துல கத்தினீங்கன்னா அப்புறம் குரலை மறந்துட வேண்டியதுதான்." மழலைப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுக்கிறவளுக்குக் குரலைவிட்டால் வேறென்ன இருக்கிறது? நாலா பக்கமும் சிதறி ஓடும் வாண்டுகளை அதட்டாமலேயே உட்கார வைக்கிற குரல் அது. பள்ளி விழாவுக்கு கேக் வேண்டுமென்று பேக்கரிக்கு அவள் போன் செய்தபோது, எடுத்தவன் அந்தக் குரலில்தான் விழுந்தான். முகத்தைப் பார்த்தது அப்புறம்தான். "குரலைப் பாத்துக் கட்டிக்கிட்டேன்" என்று அவன் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவான்.

இப்போது வீட்டில் அவன் ஒருவனின் பேச்சுதான். கேள்வியும் அவனே, பதிலும் அவனே. "கல்யாணமாகி இவ்வளவு வருஷத்துல நான் பேசி நீ கேக்கறது இப்பத்தான்" என்று சிரிப்பான். சிரித்து முடித்ததும் அவன் முகம் சற்று வாடுவதை அவள் கவனிக்காமல் இல்லை. விடியுமுன்பே அவன் பேக்கரிக்கு அடுப்பு மூட்டக் கிளம்பிவிடுவான். அதன்பிறகு இந்தப் புது வீட்டில், ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக நின்றும் பாதிக்குமேல் ஆள் குடிவராத இந்தத் தெருவில், அவளும் சுவர்களும்தான். படுக்கையறையில் ஒரு டிவி ஓடினாலாவது துணையாக இருக்கும் என்று அவன்தான் ஆரம்பித்தான்.

கேபிள்காரர் வந்தார். மாடிப்படிக்குக் கீழே இருந்த குட்டி அறைக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"வீடு கட்டும்போதே எல்லா ரூமுக்கும் வயர் இழுத்து உள்ளயே பூசிட்டாங்க சார். நல்ல விஷயம்தான். ஆனா எது எங்க போகுதுன்னு ஒரு துண்டுப் பேப்பர்கூட ஒட்டலையே. எதுன்னு கண்டுபிடிச்சு வைங்க, வந்து கனெக்‌ஷன் குடுத்துட்டுப் போறேன்."

அந்தக் குட்டி அறைக்குள், பின்பக்கத்தை மூடிய மரப்பலகையின்மேல், கறுப்பு வயர்கள் கொத்தாகத் தொங்கின. எல்லாம் ஒரே தடிமன், ஒரே நீளம், ஒரே முகம். வயர் சோதிக்கிற மீட்டர் ஒன்றை யாரிடமோ இரவல் வாங்கிவந்து, விடுமுறை நாளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் உள்ளே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டான். கீழே ஒரு வயரின் நுனியில் அவன் மீட்டரை வைக்க வேண்டும். அவள் ஏதாவது ஒரு அறைக்குப் போய், சுவர் பிளேட்டின் ஓட்டைக்குள் ஹேர்பின்னை வைத்து, நடுக்கம்பியையும் சுற்று வளையத்தையும் சேர்க்க வேண்டும். அவன் கையில் இருப்பது அந்த அறையின் வயர் என்றால் மீட்டர் 'பீப்' என்று கத்தும். கத்தினால் அவன் சத்தம் கொடுப்பான். இல்லையென்றால் அடுத்த வயர். அவளுக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் கைதட்டுவாள்.

இப்போது கைதட்டினாள்.

"என்ன டீச்சர்? அதான் முடிஞ்சுதே! அங்கயே நின்னுக்கிட்டு மழையை வேடிக்கை பாக்கறியா?"

சரி, மீட்டர்தான் கிறுக்குப் பிடித்துக் கத்தியிருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். இரவல் சாமான் வேறு. படுக்கையறைக்குப் போய்க் குனிந்து ஹேர்பின்னை வைத்தாள். சற்று நேரத்தில் "வந்திருச்சு!" என்றான். கீழே இறங்கி வரவேற்பறை. "வந்திருச்சு!" சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் ஒன்று. அதுவும் வந்தது. ஒவ்வொரு முறையும் ஹேர்பின்னை வைத்த பிறகுதான் அவன் கத்தினான். நியாயமான, ஒழுங்கான மீட்டர்.

குட்டி அறை வாசலில் குந்தி உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள். வயர்களுக்குத் துணிடேப்பைச் சுற்றி, பேனாவால் அறைப் பெயர் எழுதி வைத்திருந்தான். மூக்கு நுனியில் சிமென்ட் தூசி. பெருமை பிடிபடவில்லை.

"பாத்தியா நம்ம வேலையை! மேல சின்ன ரூம்தான் சூப்பர். நான் மீட்டரை வைக்கறேன், அதுக்குள்ள பீப்புன்னுது. நீ என்ன பறந்து போனியா?"

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். செல்போனை எடுத்து எழுதிக் காட்டினாள்: 'நான் அப்ப வைக்கவே இல்லை. கதவுகிட்ட நின்னேன்.'

படித்தான். அவளைப் பார்த்தான். "சும்மா இரு" என்று சிரித்தான். ஆனாலும் அந்த வயரை எடுத்து மறுபடி மீட்டரை வைத்தான். அவள் அவன் பக்கத்திலேயே, ஹேர்பின் கையில் இருக்க, உட்கார்ந்திருந்தாள்.

பீப்.

அவன் மீட்டரைத் தட்டினான். மௌனம். பிறகு, பீப்.

மாடிக்கு ஏறி, பெட்டிகளைத் தள்ளிவிட்டு, இந்த முறை உண்மையாகவே சின்ன அறையின் பிளேட்டில் ஹேர்பின்னை வைத்தாள். கீழே அவன் டேப் ஒட்டாமல் கிடந்த வயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, கடைசியில் வேறு ஒரு வயரில் "இதுதான் சின்ன ரூமு!" என்று கத்தினான். வீட்டில் அதற்குமேல் பிளேட் இல்லை. எல்லா அறைகளும் தீர்ந்துவிட்டன. தானாகக் கத்திய அந்த ஒரு வயர் மட்டும் மிஞ்சியது.

"எங்கயாவது பிளேட்டை மறந்து மேல பூசிட்டுப் போயிருப்பாங்க" என்றான் அவன், அவள் இறங்கி வந்ததும். "பூசும்போது ஆணி கீணி இறங்கி ரெண்டு கம்பியும் ஒட்டியிருக்கும். அதான் சத்தம்."

ஆணி என்றால் ஒட்டியபடியே இருக்க வேண்டும். இது ஒட்டவும் பிரியவும் செய்தது. சின்னதாக ஒரு பீப். கொஞ்சம் இடைவெளி. மறுபடி சின்னதாக. பின் நீளமாக, இழுத்து. பழக்கமில்லாத விரல்கள் ஊசியில் நூல் கோக்கத் தடுமாறுவதுபோல.

அவனுக்கு விளையாட்டாக இருந்தது. வயர் நுனியை ஒலிபெருக்கிபோல வாயருகே வைத்து, "அலோ, யாருப்பா அங்க? டிவி சரியாத் தெரியலையா?" என்றான்.

பீப்.

"சாப்டாச்சா?"

பீப்.

சிரித்துக்கொண்டே அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் சிரிக்காததைப் பார்த்ததும் அவன் சிரிப்பு பாதியில் தங்கியது. "தற்செயல் டீச்சர்" என்றான். அதற்கு மீட்டர் எதுவும் சொல்லவில்லை. "என் பொண்டாட்டி கொஞ்ச நாளா பேசறதில்லைப்பா. நீயாவது பேசு" என்றான் வயரிடம், பாதி வேடிக்கையாக.

நீண்ட பீப். அவன் மீட்டரை எடுக்கும்வரை அது நிற்கவில்லை.

அவள் மீட்டரை அவன் கையிலிருந்து பிடுங்கி நிறுத்தினாள். வயரை அப்பால் தள்ளுவதற்காகத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. செம்பு நுனியில் ஈரம். விரலை மூக்கருகே கொண்டுபோனாள். ஒவ்வொரு காலையும் தன் தொண்டைக்குள் அடித்துக்கொள்கிற மருந்தின் வாடை. கசப்பும் கற்பூரமும் கலந்த அதே வாடை.

அவள் விரலை அவன் முன் நீட்டினாள். முகர்ந்து பார்த்துவிட்டு, "உன் கையில எப்பவும் இருக்கற வாசனைதானே?" என்றான். அதுவும் உண்மைதான். என்ன சொல்வது? எழுதிக் காட்ட நினைத்து போனை எடுத்தவள், எழுத்துகள் இல்லாமல் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு என்றால் ஒரு "ஐயோ" போதும். ஐயோவை எப்படி எழுதிக் காட்டுவது?

"நீ போய்ச் சுவரெல்லாம் தட்டிப் பாரு. எங்கயாவது பிளேட் மறைஞ்சிருந்தா அந்த இடம் மட்டும் டொக்குன்னு கேக்கும்" என்று அவளை அனுப்பிவிட்டு, பின்பலகையைக் கழற்ற அவன் ஸ்குரூ டிரைவரைத் தேடினான்.

அவள் தட்டவில்லை. சுவரில் காதை வைத்தபடி நகர்ந்தாள். வரவேற்பறைச் சுவருக்குள் தண்ணீர்க் குழாய் மெல்ல முனகியது. சமையலறைச் சுவரில் ஒன்றுமில்லை. மாடிப்படியின் திருப்பத்தில், பக்கத்துக் காலி வீட்டை ஒட்டிய பெரிய வெள்ளைச் சுவர் வந்தது. படியில் முழங்காலை ஊன்றிக் காதை அழுத்தினாள். முதலில் தூறலின் சத்தம். பிறகு தன் ரத்தத்தின் சத்தம். அதற்கும் பின்னால், வெகு உள்ளே, காற்றுப்போன பலூனைப்போல ஏதோ ஒன்று மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது.

மூச்சு நின்றது. எதையோ தயார்ப்படுத்திக்கொள்வதுபோல ஒரு இடைவெளி.

"…அ."

கரகரத்து, உடைந்து, பாதி காற்றாக வந்தது.

"அ… ஆ…"

அவள் கை தானாகத் தன் தொண்டையைப் பிடித்துக்கொண்டது. கட்டி முற்றியிருந்த கடைசி மாதங்களில் அவள் பேசியது இப்படித்தான். வகுப்பில் பிள்ளைகள் கேலி செய்தார்கள். சுவருக்குள் இருப்பது விடாமல் பழகியது. அ, ஆ. இ, ஈ. ஒவ்வொரு முறையும் கரகரப்பு கொஞ்சம் உதிர்ந்தது. நோய் வந்த வழியே குரல் பின்னோக்கி நடந்தது. உ, ஊ. இப்போது கொஞ்சம் கம்மல் மட்டும். எ, ஏ, ஐ. 'ஐ'யில் ஒரு சிறு இழுப்பு, வாண்டுகள் கூடச் சொல்வதற்காக அவள் விடுகிற இடம். அந்த இடத்தை யாரிடமும் அவள் கற்கவில்லை. அது அவளுடையது.

"ஒ. ஓ. ஔ."

தெளிந்த குரல். பேக்கரிக்கு போன் செய்த நாளின் குரல்.

அவளால் அசைய முடியவில்லை. பயத்துக்கு நடுவே வெட்கக்கேடான ஒரு ஏக்கம் எழுந்தது: எவ்வளவு அழகாக இருந்திருக்கிறது! இவ்வளவு நாள் கேட்காமல் போன தன் குரலை இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று காது சுவரைவிட்டு வரமாட்டேன் என்றது. அந்தச் சில நொடிகளுக்காகத்தான் பின்னால் அவள் தன்னை மன்னிக்கவே இல்லை.

"என்னங்க" என்றது சுவர்.

கீழே, குட்டி அறைக்குள், ஸ்குரூ டிரைவர் தரையில் விழும் சத்தம்.

"டீச்சர்?" அவன் குரல் நடுங்கியது. "ஏய்… பேசிட்டியா?"

"பேசிட்டேங்க. பாருங்க, எவ்வளவு நல்லா வருது."

"ஐயோ, என் தங்கமே! டாக்டர் திட்டுவாருடி! பேசாத, பேசாத… இல்ல, இன்னொரு தடவை சொல்லு. என்னங்கன்னு சொல்லு." அவன் சிரித்தான். சிரிப்பில் அழுகை இருந்தது. "எங்க இருக்க நீ?"

"இங்கதாங்க. பலகைக்குப் பின்னாடி. வயர் இங்கதான் வந்து முடியுது. வாங்களேன், காட்டறேன்."

அவள் படிகளில் பாய்ந்தாள். இறங்கினாளா உருண்டாளா தெரியாது. கைதட்டினாள், உள்ளங்கை எரிய எரிய, விடாமல் தட்டினாள். குட்டி அறைக்குள் மரப்பலகை பெயரும் சத்தம் அந்தக் கைதட்டலை விழுங்கியது. "அங்க எப்படிப் போன நீ? வழி இருக்கா?" என்று அவன் கேட்பதும், "இருக்குங்க, கொஞ்சம் ஒருக்களிச்சு வாங்க" என்று அவள் குரல் சொல்வதும் கேட்டது.

வாசலில் போய் விழுந்தாள்.

பின்பலகை கழன்று சாய்ந்திருந்தது. அதன் பின்னால் கறுப்பாக ஒரு சந்து. அதிலிருந்து குளிர்ந்த காற்று, மருந்து வாடை. அவன் தோளும் இடுப்பும் உள்ளே போய்விட்டன. கால்கள் மட்டும் வெளியே, தரையை உந்திக்கொண்டு.

கணுக்காலைப் பிடித்தாள். இரண்டு கையாலும்.

"அட, காலை விடு டீச்சர்" என்றான் உள்ளேயிருந்து, சிரித்தபடி. பிறகு சிரிப்பு நின்றது. உந்திய கால் நின்றது. "டீச்சர்… நீ எனக்கு முன்னாடிதானே இருக்க?"

"ஆமாங்க. முன்னாடிதான் இருக்கேன்."

"அப்ப பின்னாடி காலைப் பிடிக்கறது யாரு?"

பதில் வரவில்லை. அவன் மூச்சு வேகமாவது கணுக்கால் வழியாகவே அவளுக்குத் தெரிந்தது.

யோசிக்க நேரமில்லை. டாக்டரும் வேண்டாம், பள்ளியும் வேண்டாம், ஆயுசுக்கும் ஊமையாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று வயிற்றிலிருந்து எல்லாவற்றையும் திரட்டி, வாயைப் பிளந்து, அவள் கத்தினாள். 'என்னங்க' என்றுதான் கத்தினாள்.

வந்தது அது அல்ல. ஆறாத சதை கிழிகிற சத்தம். தகரத்தைக் கல்லில் இழுத்ததுபோல, கழுத்தறுபட்ட பிராணி கடைசியாக விடுவதுபோல, சொல்லும் இல்லாத பெண்ணும் இல்லாத ஒரு ஓலம். அவளே மிரண்டாள். வாயெல்லாம் ரத்தம்.

அவன் அலறினான்.

"ஐயோ, ஏதோ இருக்கு! பின்னாடி ஏதோ இருக்கு டீச்சர்!"

"வாங்க! என்கிட்ட வாங்க! சீக்கிரம்!"

உதைத்தான். முதல் உதை அவள் தோளில். இரண்டாவது முகத்தில். அவள் மறுபடி கத்தினாள், நான்தான், நான்தான் என்று. அந்த ஓலம் மறுபடி வந்தது, இன்னும் கொடூரமாக. அவன் அதைக் கேட்டுத் துள்ளி, உயிரைப் பிடித்துக்கொண்டு, இருட்டுக்குள் தன்னைத் தள்ளிக்கொண்டு போனான். அவள் கையில் ஒரு காலுறை மிஞ்சியது.

பிறகு சத்தம் இல்லை.

செல்போன் விளக்கை ஏற்றி உள்ளே தலையை நீட்டினாள். சந்து அவள் முழங்கை ஆழத்தில் முடிந்தது. செங்கல். சிமென்ட் பூசாத, தூசி படிந்த, கட்டிய நாளிலிருந்து அப்படியே இருக்கிற செங்கல் சுவர். கையை வைத்துத் தள்ளினாள். நகத்தால் பிறாண்டினாள். இரண்டு கல்லுக்கு நடுவே, காய்ந்து இறுகிய கலவைக்குள் அந்தக் கறுப்பு வயர் போய்ப் புதைந்திருந்தது. ஒரு குழந்தை நுழையக்கூட இடமில்லை. அவன் நுழைந்ததற்கு அடையாளமாகத் தூசியில் ஒரு தடம்கூட இல்லை.

எவ்வளவு நேரம் அங்கே கிடந்தாளோ. அவனுடைய செல்போன் படிக்கட்டில் ஒலித்தது. திரையில் 'அம்மா' என்று இருந்தது. அவள் மாமியார். தினமும் இந்த நேரத்துக்கு மகனுடன் இரண்டு வார்த்தை பேசாவிட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது.

எடுத்தாள். வேறு யார் இருக்கிறார்கள்? மூச்சு, ஓலம், ஏதாவது ஒன்று. எதைக் கேட்டாலும் பயந்துபோய் யாரையாவது அனுப்பிவைப்பார். வாயைத் திறந்தாள். சீறல்கூட வரவில்லை. ரத்தம்தான் வழிந்தது.

"அலோ? அலோ? என்னப்பா, எடுத்துட்டுப் பேசாம இருக்க?"

"சொல்லுங்கத்தை" என்றது அவளுக்குப் பக்கத்துச் சுவர்.

 போனில் கிழவியின் குரல் உடைந்தது. "என் கண்ணே… நீயாம்மா பேசறது? குரல் வந்துருச்சா?"

"வந்துருச்சு அத்தை. இப்பத்தான்." வரவேற்பறை பிளேட்டிலிருந்தும், சாப்பாட்டு மேசைக்குப் பின்னாலிருந்தும், மாடியிலிருந்தும் அந்தக் குரல் ஒரே சமயத்தில் வந்தது. வீடு முழுக்க அது நிறைந்திருந்தது. "அழாதீங்க. பழையபடி ஆயிடுச்சு."

"கேக்கக் கேக்க வயிறு குளிருதும்மா. என் பையன் எங்க?"

"இங்கதான், என் பக்கத்துல. பேசுங்களேன்" என்றாள் சுவருக்குள் இருந்தவள், யாரிடமோ திரும்பி.

"அம்மா" என்றான் அவன். களைத்த குரல். ஆனால் நிம்மதியான குரல். "நல்லா இருக்கேம்மா. கொஞ்சம் பயந்துட்டேன், வேற ஒண்ணுமில்ல. இப்ப டீச்சர் பக்கத்துல இருக்கா."

"என்னடா பயம்?"

"அப்புறம் சொல்றேம்மா."

அவள் போனை வாயோடு அழுத்திக்கொண்டு மூச்சால் கதறினாள். மாமியார் அதைக் கேட்டிருக்க வேண்டும். "என்னடா இது, லைன்ல இரையுது? சரி, மழை நேரம். நல்லா இருங்க ரெண்டு பேரும்" என்று வைத்துவிட்டார்.

செய்தி எழுதலாம். கட்டைவிரல் எழுத்துகளின்மேல் நின்றது. என்னவென்று எழுதுவது? உங்கள் மகன் சுவருக்குள் இருக்கிறான் என்றா? இப்போதுதானே அவர் மகனோடு பேசிவிட்டுச் சந்தோஷமாக வைத்தார். நான்தான் உங்கள் மருமகள் என்றா? மருமகளின் குரலைக் கேட்டுத்தானே அந்த அம்மாள் அழுதார்.

வெளியே இருட்டிவிட்டது. அவள் விளக்கு போடவில்லை. மாடிப்படித் திருப்பத்துக்கு ஏறி, பெரிய சுவரில் நெற்றியை வைத்தாள். உள்ளே பாத்திரம் வைக்கும் ஒலி கேட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் ஒலி. தெருவில் குடிவராத வீடுகளைப் பற்றி, பேக்கரியில் அடுப்பு புகைவதைப் பற்றி, நாளைக்கு எழுப்பிவிட வேண்டிய நேரத்தைப் பற்றி இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் ஏதோ கேலி சொன்னான். அவள் குரல் கலகலவென்று சிரித்தது. இப்படி ஒரு சாயங்காலத்துக்காகத்தான் அவன் எவ்வளவு நாளாக ஏங்கியிருந்தான்.

அவள் சுவரை அடித்தாள். உள்ளங்கையால். முட்டியால். தோல் உரிந்து வெள்ளைப் பெயின்ட்டில் சிவப்பாக ஒட்டும்வரை அடித்தாள்.

உள்ளே பேச்சு நின்றது.

"கேட்டியா?" அவன் குரல், தணிந்து. "அது இன்னும் அங்கதான் இருக்கு."

"இருக்கட்டும்ங்க."

"உள்ள வந்துருமா?"

"வராது. அதுக்கு வழி தெரியாது." ஒரு கணம் கழித்து, சுவரின் அந்தப் பக்கத்தில், சரியாக அவள் உள்ளங்கை இருந்த இடத்தில், இன்னொரு உள்ளங்கை வந்து பதிந்தது. வெதுவெதுப்பு சுவரைத் தாண்டி அவள் கையில் ஏறியது. "கொஞ்ச நாள் இப்படித்தான் தட்டிக்கிட்டே இருக்கும். அப்புறம் தானா அடங்கிடும். நீங்க சாப்பிடுங்க."